கேள்வி–பதில்: ஹடூப் 3-க்கு மாறும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: ஹடூப் 2 காலத்து பிக் டேட்டா தளத்தை வைத்திருக்கும் நிறுவனங்கள், ஹடூப் 3 மேல் கட்டிய புதிய பதிப்புக்கு மாறுவது. (பெரிய அளவு தரவைப் பல மெஷின்களில் பிரித்து வைத்து அலசும் மென்பொருள்தான் ஹடூப்.) அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் நிறுவனத்தில் இன்னும் எச்டிபி 2.6 (ஹார்ட்டன்வொர்க்ஸ் தந்த ஹடூப் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய தளத்துக்கு மாறலாம் என்று இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. "புது வசதிகள் என்னென்ன, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு" என்கிறார் மேலாளர். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்? – சென்னை வாசகர்

முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். ஹடூப் 3.0.0 வந்தது 2017 டிசம்பரில். அதை அடித்தளமாக வைத்து ஹார்ட்டன்வொர்க்ஸ் 2018 ஜூலையில் எச்டிபி 3.0-ஐயும், கிளவுடெரா அதற்கடுத்த மாதம் தன் தொகுப்பான சிடிஎச் 6-ஐயும் வெளியிட்டன. அந்த அக்டோபரிலேயே இரண்டு நிறுவனங்களும் இணையப் போவதாக அறிவித்து, 2019 ஜனவரியில் இணைந்தும்விட்டன. இரண்டு தொகுப்பையும் கலந்து அதே வருடம் சிடிபி என்ற புதிய தொகுப்பு வந்தது. ஆக உங்கள் எச்டிபி 2.6-க்கு நேர் வாரிசு இன்றைக்கு சிடிபி 7 வரிசைதான். பழைய இரண்டு வரிசைகளுக்கும் ஆதரவு முடிந்து வருடக்கணக்காகிவிட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபோது, ஆதரவு இல்லாத கிளஸ்டரை (சேர்ந்து இயங்கும் மெஷின் கூட்டத்தை) வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு சர்வராகப் போய் ஜார் ஃபைலைத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மேலாளரிடம் சொல்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம், புது வசதிகூடத் தேவையில்லை.

அந்த ஒரு பக்கத்தை நீங்கள் எழுதும் வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்வேன். விற்பனைக்காகத் தயாரித்த ஸ்லைடில் புது வசதிகள்தான் முதலில் இருக்கும். கிளஸ்டரை ராத்திரி பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு முதலில் வேண்டியது அது இல்லை. எந்த டீஃபால்ட் மாறியிருக்கிறது, எதை எடுத்துவிட்டார்கள், புதியதில் எது தானாகவே ஆன் ஆகி வருகிறது, இவைதான் முதலில் வேண்டும். அப்பாச்சி வெளியீட்டுக் குறிப்புகளில் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்களைத் தனியாகக் குறித்தே வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். உதாரணமாக ஹடூப் 3-க்குக் குறைந்தது ஜாவா 8 வேண்டும், ஜாவா 7-இல் எழுதி அப்படியே மறந்துபோன ஒரு பழைய ஜாப் உங்கள் நிறுவனத்திலும் நிச்சயம் எங்காவது இருக்கும். எச்டிபி 3-இல் ஃப்ளூம், ஃபால்கன், மஹவுட் என்ற துணைக் கருவிகள் எல்லாம் போய்விட்டன. சிடிபி-க்கு வந்தால் கிளஸ்டரை நிர்வகிக்கும் அம்பாரிக்குப் பதில் கிளவுடெரா மேனேஜர். எதிர்ப்பக்கம், சிடிஎச்-இலிருந்து வருகிறவர்களுக்கு சென்ட்ரி போய் ரேஞ்சர் வருகிறது, யாருக்கு எந்த டேபிளில் என்ன உரிமை என்ற கணக்கு முழுவதையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். உங்கள் ஊழியர்களுக்கு முதல் வாரமே கண்ணில் படப்போவது இவைதான்.

இரேஷர் கோடிங் போட்டால் டிஸ்க் செலவு பாதியாகிவிடும் என்கிறார்கள். எங்களிடம் 12 டேட்டாநோட் (தரவை வைத்திருக்கும் மெஷின்) இருக்கிறது, 80 சதவீதம் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் வாங்காமல் இதை வைத்தே ஓட்டிவிட முடியுமா? – கோவை வாசகர்

பாதியாகும் என்பது உண்மைதான், ஆனால் எந்த ஃபைலுக்கு என்று கேட்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இதுவரை ஹடூபின் ஃபைல் சிஸ்டமான எச்டிஎஃப்எஸ், ஃபைலை பிளாக்குகளாக வெட்டி ஒவ்வொரு பிளாக்கையும் மூன்று பிரதியாக வைத்தது. 100 டெராபைட் தரவுக்கு 300 டெராபைட் டிஸ்க், இரண்டு பிரதி போனாலும் மூன்றாவது இருக்கும். இரேஷர் கோடிங்கில் பிரதி கிடையாது. தரவை ஆறு துண்டாகப் பிரித்து, அந்த ஆறையும் வைத்துக் கணக்கிட்ட மூன்று பாரிட்டி துண்டுகளைச் சேர்த்து, ஒன்பதையும் ஒன்பது மெஷினில் வைக்கிறது. இந்த ஒன்பதில் எந்த மூன்று போனாலும் மீதி ஆறை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம். பின்னால் இருக்கும் கணக்கு ரீட்–சாலமன், 1960-இல் வந்தது, சிடி-யில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடியது இதே கணக்கால்தான். 100 டெராபைட்டுக்கு இப்போது 150 டெராபைட் போதும். இடமும் பாதி, தாங்கும் சக்தியும் இரண்டிலிருந்து மூன்றாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி சின்ன ஃபைல்களைப் பாருங்கள். இந்த முறையில் தரவு ஒரு மெகாபைட் அளவு செல்களாக வெட்டப்பட்டு ஆறு மெஷினுக்கும் பரப்பப்படுகிறது. உங்கள் ஃபைலே 200 கிலோபைட்தான் என்றால் ஆறாகப் பிரிக்க அங்கே ஒன்றுமில்லை. ஒரே ஒரு தரவுத் துண்டு உண்டாகும், அதன் கூட மூன்று பாரிட்டி துண்டும் அதே 200 கிலோபைட் அளவில் வரும். மொத்தம் நான்கு மடங்கு! பழைய முறையில் மூன்று மடங்குதானே இருந்தது. இப்படி 10 லட்சம் ஃபைல் வைத்திருந்தால் மூன்று பிரதியில் 600 ஜிபி பிடித்தது இரேஷர் கோடிங்கில் 800 ஜிபி பிடிக்கும், டேட்டாநோட்கள் தாங்க வேண்டிய பிளாக் எண்ணிக்கையும் 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆகும். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இடத்தை விட்டதாக முடியும்.

நடுத்தர ஃபைலுக்கும் ஒரு விலை உண்டு. 128 மெகாபைட் ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மூன்று பிளாக், 384 மெகாபைட். இப்போது தலா 21 மெகாபைட் சொச்சத்தில் ஒன்பது துண்டு, மொத்தம் 192 மெகாபைட். இடம் பாதியாகிவிட்டது, ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு. 128 மெகாபைட் பிளாக் அளவில் ஆறு தரவுத் துண்டும் நிரம்ப 768 மெகாபைட் வேண்டும், ஃபைல் அதை நெருங்கும்போதுதான் இந்த முறை முழுப் பலன் தரும். அதனால் முதல் வேலையாக, உங்கள் பெரிய டைரக்டரிகளில் சராசரி ஃபைல் அளவு என்ன என்று எடுத்துப் பாருங்கள். அது தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் வேகம். மூன்று பிரதி இருந்தபோது, ஜாப் எந்த மெஷினில் ஓடுகிறதோ அதே மெஷினின் டிஸ்கிலிருந்து தரவைப் படிக்க வாய்ப்பு இருந்தது. இப்போது ஆறு மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியாக வர வேண்டும். ஒரு டிஸ்க் செத்தால் பழையபடி ஒரு பிரதியை நகலெடுத்தால் முடிந்தது என்று இருக்காது. போன ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு துண்டைப் படித்து, கணக்குப் போட்டு, ஒன்றை உண்டாக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 10 ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் பரவாயில்லை, இன்னும் 1 ஜிகாபிட்தான் என்றால் தயவுசெய்து இதைத் தொடவே வேண்டாம். இன்டெலின் ஐஎஸ்ஏ-எல் லைப்ரரி நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் இந்தக் கணக்கை ஜாவா மட்டுமே போட்டுக்கொண்டிருக்கும், மெதுவாக இருக்கும்.

பன்னிரண்டு மெஷின் என்பது ஒன்பதுக்கு மேல்தான், நடக்கும். ஆனால் ரேக் எத்தனை? ஒரு முழு ரேக் போனாலும் தாங்க வேண்டுமென்றால் ஒரு ரேக்கில் மூன்று துண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது குறைந்தது மூன்று ரேக். இரண்டே ரேக் என்றால் ஒன்றில் ஐந்து துண்டு போய் உட்கார்ந்துவிடும், அந்த ரேக்கின் ஸ்விட்ச் நின்றால் அத்தனை ஃபைலும் படிக்க முடியாமல் நிற்கும்.

இன்னொன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டைரக்டரிக்கு இரேஷர் கோடிங் பாலிசியை வைத்துவிட்டால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபைல்கள் மாறாது. புதிதாக எழுதுவதற்கு மட்டும்தான் பாலிசி பொருந்தும். பழைய ஃபைலை அந்த டைரக்டரிக்கு நகர்த்தினாலும் மாறாது, ஏனென்றால் நகர்த்தும்போது பெயர்தான் மாறுகிறது, பிளாக் அப்படியேதான் இருக்கிறது. நகலெடுத்தால்தான் மாறும், டிஸ்ட்சிபி என்ற நகலெடுக்கும் கருவியை வைத்துச் செய்வார்கள். நகல் முடிந்து பழையதை அழிக்கும்வரை இரண்டும் சேர்ந்து இடம் பிடிக்கும். 80 சதவீதம் நிரம்பிய கிளஸ்டரில் இதை ஒரே மூச்சில் செய்ய முடியாது, டைரக்டரி டைரக்டரியாக எடுத்து, நகலெடுத்து, ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் சரிபார்த்து, அழித்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். ஹடூப் 2 கிளையன்ட் லைப்ரரியை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து படிக்கும் பழைய அப்ளிகேஷன் ஏதாவது இருந்தால் அதனால் இந்த ஃபைல்களைப் படிக்கவும் முடியாது.

ஹடூப் மேல் ஓடும் டேட்டாபேஸான எச்பேஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதன் லாக்கை இந்த டைரக்டரிகளில் வைக்கவே கூடாது. எழுதியதை உடனே டிஸ்கில் உறுதிசெய்யச் சொல்லும் வசதி இரேஷர் கோடிங் ஃபைல்களில் கிடையாது, எச்பேஸ் லாக் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆக என் பதில்: இரண்டு வருடத்துக்கு முந்தைய பரிவர்த்தனை விவரம், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பழைய லாக், ஆர்க்கைவ், இப்படிப் பெரிய பெரிய ஃபைலாகவும் எப்போதாவது மட்டும் திறப்பதாகவும் இருப்பவற்றுக்குத் தைரியமாகப் போடுங்கள். தினமும் ஓடும் ஜாப்கள் படிப்பதை மூன்று பிரதியிலேயே விடுங்கள். நிறைய இடங்களில் பழைய தரவுதான் டிஸ்கில் பெரும் பங்கு பிடித்திருக்கும், அதை மட்டும் மாற்றினாலே புது டிஸ்க் வாங்குவதைத் தள்ளிப்போட முடியலாம்.

அப்கிரேடு முடிந்தது, எல்லாம் பச்சை விளக்கு. ஆனால் எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் நேம்நோட்டின் பக்கம் பிரவுசரில் திறக்கவில்லை, மானிட்டரிங் முழுக்கச் சிவப்பு. என்ன ஆயிற்று? – பெங்களூரு வாசகர்

போர்ட் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நேம்நோட் பக்கம் 50070-இல் இருந்தது, இப்போது 9870. டேட்டாநோட் 50075-இலிருந்து 9864, செகண்டரி நேம்நோட் 50090-இலிருந்து 9868. பழைய எண்கள் லினக்ஸ் தற்காலிகமாக எடுத்துக் கொடுக்கும் போர்ட் வரம்புக்குள் இருந்தன, அதனால் சில சமயம் வேறு புரோகிராம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு டேட்டாநோட் எழும்பாமல் போகும், அதைத் தீர்க்கத்தான் மாற்றினார்கள். ஃபயர்வால் ரூல், மானிட்டரிங், ஸ்கிரிப்ட் மூன்றிலும் 50 ஆயிரத்து சொச்சம் எண் எதுவும் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இதில் இன்னொரு சிக்கல்: மற்ற புரோகிராம்கள் நேம்நோட்டோடு பேசும் ஆர்பிசி போர்ட் 8020-ஐ 3.0.0-இல் 9820 ஆக்கி, 3.0.1-இல் மறுபடியும் 8020-க்கே கொண்டுவந்துவிட்டார்கள். பழைய கட்டுரையைப் பார்த்து 9820 என்று போட்டிருந்தால் அதையும் திருத்துங்கள்.

ஹைவ் (ஹடூப் தரவை சீக்வலில் கேட்க உதவும் கருவி) டேபிள்கள் எல்லாம் புதிய தளத்துக்கு வந்துவிட்டன, ஹைவில் கேட்டால் சரியாக வருகிறது. தரவை அலசும் இன்னொரு எஞ்சினான ஸ்பார்க்கில் பார்த்தால் சில டேபிள் கிடைக்கவில்லை, சிலது பிழை கொடுக்கிறது. தரவு போய்விட்டதா என்று எங்கள் குழுவே பதறிக் கிடக்கிறது. – ஹைதராபாத் வாசகி

தரவு எங்கும் போகவில்லை, முதலில் அந்தப் பதற்றத்தை விடுங்கள். ஆனால் நீங்கள் தொட்டிருப்பது இந்த அப்கிரேடின் மிகப் பெரிய மாற்றத்தை.

ஹைவ் 3 வைத்து வந்த எச்டிபி 3-இலும் சிடிபி-யிலும், நீங்கள் சாதாரணமாக ஒரு டேபிள் உருவாக்கினாலே அது ஆசிட் டேபிளாகத்தான் உருவாகிறது. வரி வரியாக அப்டேட் செய்யலாம், டெலீட் செய்யலாம், ஒருவர் எழுதும்போதே இன்னொருவர் பாதி எழுதியதைப் பார்க்காமல் படிக்கலாம். முன்பெல்லாம் ஒரு வாடிக்கையாளரின் ஒரு வரியைத் திருத்த அந்த பார்ட்டிஷன் முழுவதையும் திரும்ப எழுதுவோமே, அந்த வேலை போயிற்று. 2018-இல் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. "என் விவரத்தை அழி" என்று ஒருவர் கேட்டால் அவர் வரியை மட்டும் அழிக்க வழி வேண்டும். அதனால் இதை ஒரு உண்மையான முன்னேற்றமாகவே நான் பார்க்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று டேபிளின் டைரக்டரியைத் திறந்தே பார்க்கலாம். பழைய டேபிளில் நேராக ஓஆர்சி வடிவத் தரவு ஃபைல்கள் இருக்கும். இங்கே உள்ளே 'பேஸ்' என்று தொடங்கும் ஒரு டைரக்டரி, பக்கத்தில் 'டெல்டா' என்று எண்களோடு பல, 'டெலீட் டெல்டா' என்று சில. புதிதாகச் சேர்த்த வரிகள் டெல்டாவில், அழித்த வரிகளின் அடையாளம் டெலீட் டெல்டாவில். ஒரு வரியை அப்டேட் செய்தால் பழையதை அழித்ததாக ஒரு குறிப்பும் புதியதைச் சேர்த்ததாக ஒரு குறிப்பும் எழுதப்படும். ஹைவ் படிக்கும்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இப்போதைக்கு எது செல்லும் என்று முடிவுசெய்து தருகிறது. வெறும் ஸ்பார்க்குக்கு இந்தக் கணக்கு தெரியாது. போதாக்குறைக்கு எச்டிபி 3-இல் ஸ்பார்க்குக்குத் தனி கேட்டலாக், ஹைவ் டேபிள் பட்டியலே அதன் கண்ணில் படாது. ஹைவ் டைரக்டரியும் ஹைவ் யூசருக்குச் சொந்தமாக இருக்கும், ஸ்பார்க் யூசர் நேராக உள்ளே போக முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஆசிட் டேபிளாகவே வைத்து ஸ்பார்க்கில் படிக்க வேண்டுமென்றால் ஹைவ் வேர்ஹவுஸ் கனெக்டர் என்ற இணைப்புக் கருவி. வெறும் படிப்பு மட்டும்தான், அப்டேட் டெலீட் ஒன்றும் தேவையில்லை என்றால் அந்த டேபிளை எக்ஸ்டர்னல் டேபிளாக (ஃபைல்களை ஹைவ் சொந்தமாக்கிக்கொள்ளாத டேபிள்) வைத்துவிடுங்கள், ஸ்பார்க் பழையபடி படிக்கும். என்னைக் கேட்டால் டேபிள் டேபிளாக உட்கார்ந்து பிரிக்கச் சொல்வேன்: வரி வரியாக மாறுகிற டேபிள்கள் ஆசிட், ஒருமுறை எழுதிவிட்டுப் படிக்க மட்டும் வைத்திருப்பவை எக்ஸ்டர்னல். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் வலிக்கும். ஒன்றை மறக்காதீர்கள், எக்ஸ்டர்னல் டேபிளை டிராப் செய்தால் சாதாரணமாகத் தரவு அழியாது, டேபிளின் பெயர்தான் போகும். டிராப் செய்துவிட்டு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் ஜாப்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

ஆசிட் என்று வைத்தால் காம்பாக்ஷனைக் கவனித்தே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் டேபிளில் ஒரே நாளில் 288 டெல்டா சேரும், அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கும் வேலை பின்னால் ஓடவில்லை என்றால் கேள்வி ஒவ்வொன்றும் நாளுக்கு நாள் மெதுவாகும், யாருக்கும் காரணம் புரியாது. டேபிள் விவரங்களை வைத்திருக்கும் மெட்டாஸ்டோரில், காம்பாக்ஷனைத் தொடங்கும் இனிஷியேட்டர் ஆன் ஆகியிருக்கிறதா, வொர்க்கர் எண்ணிக்கை பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

இனிமேல்தான் அப்கிரேடு செய்யப் போகும் மற்ற வாசகர்களுக்கு: உங்கள் பழைய ஹைவில் ஏற்கெனவே ஆசிட் டேபிள் இருந்து அதில் அப்டேட், டெலீட் செய்திருந்தால், மாறுவதற்கு முன்னாலேயே மேஜர் காம்பாக்ஷன் ஓட்டி முடித்துவிட வேண்டும். பழைய டெல்டாவின் அமைப்பு வேறு, ஹைவ் 3-ஆல் அதை அப்படியே படிக்க முடியாது. இதற்கென்றே முன்சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. ஹடூபின் பழைய எஞ்சினான மேப்ரெட்யூஸ் மேல் ஓடும் ஹைவும் ஸ்பார்க் மேல் ஓடும் ஹைவும் சிடிபி-யில் கிடையாது, டெஸ் என்ற எஞ்சின் மட்டும்தான், பழைய ஸ்கிரிப்ட்களின் தலையில் எஞ்சினை மாற்றும் வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

நேம்நோட் மூன்று வைக்கலாம் என்கிறார்கள். இரண்டு போதாதா? – மதுரை வாசகர்

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஹடூப் 2-இல் ஒரு ஆக்டிவ், ஒரு ஸ்டாண்ட்பை என்பதோடு சரி, 3-இல் ஸ்டாண்ட்பை ஒன்றுக்கு மேல் வைக்கலாம். மூன்று நேம்நோட்டுக்கு, அவற்றின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஐந்து ஜர்னல்நோட் வைத்தால் இரண்டு மெஷின் ஒரே சமயத்தில் போனாலும் தாங்கும். எப்போது தேவைப்படும் என்றால், பராமரிப்புக்காக ஒரு நேம்நோட்டை நீங்களே நிறுத்தியிருக்கும்போது இன்னொன்று தானாக விழுந்தால். வங்கி, டெலிகாம் மாதிரி ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாத இடங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மூன்றாவதும் முதல் நேம்நோட் அளவுக்கே மெமரி உள்ள மெஷினாக இருக்க வேண்டும், ஃபைல் பெயர், பிளாக் விவரம் அத்தனையும் மெமரியிலேயே வைத்திருக்கிறதே. பத்து லட்சம் பிளாக்குக்கு ஒரு ஜிபி என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் முதலில் சின்ன ஃபைல்களைச் சேர்த்துப் பெரிதாக்கும் வேலைக்குச் செலவழிப்பேன்.

ஹடூபில் மெஷின் வளங்களைப் பங்கிடும் யார்னில் ஜிபியு, டாக்கர் எல்லாம் வந்திருக்கிறதே, நாங்கள் அதற்கு மாறலாமா? – சென்னை வாசகர்

ஹடூப் 3.1-இலிருந்து, அதாவது 2018 ஏப்ரலிலிருந்து, மெமரி, சிபியு போலவே ஜிபியுவையும் யார்ன் கணக்கில் எடுத்துப் பங்கிட்டுத் தரும். உங்களிடம் ஏற்கெனவே யார்ன் கிளஸ்டரில் ஜிபியு மெஷின் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் கன்டெய்னர்களை ஓட்டும் தளமான குபர்நெட்டிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 2021-இல் வந்த ஸ்பார்க் 3.1-இலிருந்து அதில் ஸ்பார்க் ஓட்டுவது முழு ஆதரவோடு இருக்கிறது.

அப்கிரேடு செய்தபின் ஏதாவது கோளாறு என்றால் பழையதற்குத் திரும்பிவிடலாம்தானே? எங்கள் திட்ட ஆவணத்தில் "ரோல்பேக்: 2 மணி நேரம்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். – கொழும்பு வாசகர்

அந்த ஒரு வரியை நம்பாதீர்கள். எச்டிஎஃப்எஸ் அளவில் திரும்ப வழி இருக்கிறது, ஃபைனலைஸ் என்ற கட்டளையைக் கொடுக்கும்வரை. கொடுத்துவிட்டால் முடிந்தது, பழைய நிலை கிடையாது. இன்னொன்று, ரோல்பேக் செய்தால் அப்கிரேடுக்குப் பிறகு எழுதிய தரவும் போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு மாறி, செவ்வாய்க்கிழமை திரும்புகிறீர்கள் என்றால் நடுவில் வந்த தரவை எங்கிருந்து மறுபடி ஏற்றுவது என்ற பதில் அந்த ஆவணத்தில் இருக்க வேண்டும். ரோல்பேக்குக்கு என்று எழுதிய 2 மணி நேரம் அந்த வேலைக்கு எப்படிப் போதும்?

ஃபைனலைஸ் செய்யாமல் ரொம்ப நாள் வைத்திருப்பதிலும் சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் நீங்கள் அழிக்கும் ஃபைல்களின் பிளாக்குகள் டிஸ்கிலிருந்து போகாது, திரும்ப வேண்டியிருந்தால் தேவைப்படும் என்று பழைய நிலையில் பிடித்து வைத்திருக்கும். தினமும் தற்காலிக ஃபைல்களை டெராபைட் கணக்கில் எழுதி அழிக்கும் கிளஸ்டர் என்றால் ஒரே வாரத்தில் டிஸ்க் நிரம்பும், அழித்து அழித்துப் பார்ப்பீர்கள், இடம் வராது. அப்போது பதறிப்போய் யாராவது ஃபைனலைஸ் கொடுத்துவிடுவார்கள். எத்தனை நாள் வைத்திருப்பது, அதற்கு எவ்வளவு காலி இடம் வேண்டும், ஃபைனலைஸ் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு, மூன்றையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஹைவ் மெட்டாஸ்டோர் தனிக் கதை. அது மைசீக்வலிலோ போஸ்ட்கிரஸிலோ இருக்கும், அப்கிரேடில் அதன் ஸ்கீமா மாறுகிறது. எச்டிஎஃப்எஸ் ரோல்பேக் அதைத் தொடாது. அப்கிரேடு தொடங்கும் முன் எடுத்த பேக்கப் ஒன்றுதான் வழி. பேக்கப் எடுத்தால் போதாது, வேறொரு மெஷினில் அதை ஏற்றி டேபிள் பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் தொடங்குங்கள். அம்பாரியோ கிளவுடெரா மேனேஜரோ, அதன் டேட்டாபேஸையும், ரேஞ்சரின் டேட்டாபேஸையும், கெர்பரோஸ் கீடேப்களையும் (உள்நுழைவுச் சாவி ஃபைல்கள்) இதே பட்டியலில் சேருங்கள்.

நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: நான்கைந்து மெஷினில் சின்னதாக ஒரு சோதனைக் கிளஸ்டர் போட்டு, அப்கிரேடை மட்டும் ஒத்திகை பார்க்காமல் ரோல்பேக்கையும் முழுதாக ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அந்த ராத்திரி உட்காரப் போகிறவர்கள் உங்கள் குழு ஆட்கள், நிர்வாகத்துக்கு இந்தச் செலவு வீண் என்று தோன்றினாலும் அவர்களுக்காக நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

நாங்கள் சின்ன நிறுவனம். கிளவுடெராவை முன்பு இலவசமாக இறக்கிப் பயன்படுத்தினோம். இப்போது முடியவில்லையே, வேறு வழி? – ஓசூர் வாசகர்

2021 தொடக்கத்திலிருந்து அவர்களின் தொகுப்புகளை இறக்கவே சப்ஸ்கிரிப்ஷன் வேண்டும், பழைய பதிப்புகளுக்கும் அப்படித்தான். அப்பாச்சி தளத்தில் ஹடூப், ஹைவ், ஸ்பார்க் எல்லாம் எப்போதும் போல இலவசம். ஆனால் எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்துச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, அதுதான் கடினமான வேலை. அப்பாச்சி பிக்டாப் என்று ஒரு திட்டம் இவற்றைச் சேர்த்துச் சோதித்துத் தொகுப்பாகத் தருகிறது, அதைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் மொத்தத் தரவு எவ்வளவு? இரண்டு மூன்று டெராபைட்தான் என்றால் நல்ல மெஷின் ஒன்றில் போஸ்ட்கிரஸ் போதுமானதாக இருக்கலாம், ஹடூப் கிளஸ்டரைப் பராமரிக்க ஒரு ஆளை வைக்கும் செலவு உங்களுக்கு மிச்சம்.

கல்லூரி முடிக்கப் போகிறேன். ஹடூப் செத்துவிட்டது, அதைப் படிக்காதே என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா அண்ணா? – திருச்சி மாணவர்

சாகவில்லை தம்பி. 2024 மார்ச்சில் ஹடூப் 3.4.0 வந்தது, அதே மாதம் ஹைவ் 4.0 வந்தது, அதில் ஐஸ்பெர்க் என்ற புது வகை டேபிள் அமைப்புக்கு நல்ல ஆதரவு இருக்கிறது. மேப்ரெட்யூஸில் புதிதாக யாரும் எழுதுவதில்லை என்பது சரிதான், அதில் மாதக்கணக்காக நேரம் செலவிடாதே. ஆனால் அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-இல் இருக்கும் தரவை ஸ்பார்க் படிக்கிறதே, பெரும்பாலான இடங்களில் நடுவில் நின்று படித்துத் தரும் எஸ்3ஏ கனெக்டர் ஹடூப் திட்டத்துக்குள்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் கிளவுடே இருந்தாலும் பிழைச் செய்தியில் ஹடூப் பெயரைப் பார்ப்பாய்.

ஸ்பார்க், சீக்வல், ஐஸ்பெர்க் மூன்றையும் நன்றாகப் படி. ஹடூபில் எச்டிஎஃப்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் ஆழமாகப் பார்த்துவிடு, அதற்குப் பெரிய கிளஸ்டர் தேவையில்லை. உன் லேப்டாப்பில் டாக்கர் வைத்து ஒரு நேம்நோட், மூன்று டேட்டாநோட் எழுப்பு. எக்ஸார் 2-1 என்று ஒரு சின்ன இரேஷர் கோடிங் பாலிசி இருக்கிறது, இரண்டு தரவுத் துண்டு, ஒரு பாரிட்டி, அதற்கு மூன்று டேட்டாநோட் போதும். அது டீஃபால்டாக ஆஃபில் இருக்கும், ஆன் செய்து ஒரு டைரக்டரிக்கு வைத்துவிட்டு, உள்ளே 10 மெகாபைட் ஃபைல் ஒன்றைப் போடு. எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி எந்தத் துண்டு எந்த டேட்டாநோட்டில் இருக்கிறது என்று பார். பிறகு தரவுத் துண்டு இருக்கும் ஒரு டேட்டாநோட்டை நிறுத்திவிட்டு அதே ஃபைலைத் திறந்து பார், முழுதாக வரும். இன்னொன்றையும் நிறுத்திப் பார், வராது. ஏன் வரவில்லை என்று டேட்டாநோட் லாக்கையும் கிளையன்ட் பிழையையும் படித்துப் புரிந்துகொண்டு, அங்கே சந்தேகம் வந்தால் எழுது, அடுத்த இதழில் பார்க்கலாம்.